ஃபைலைத் தொட்டது யார்

என் பெயர் சிம்ரன். சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். கதைக்கு நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். நான் பிறந்த வருடம் எங்கள் அப்பாவுக்கு ஒரு நடிகையை ரொம்பப் பிடித்திருந்தது, அவ்வளவுதான் விஷயம். தென்னேரியில் எங்கள் தெருவில் மட்டும் என் வயசில் இன்னும் இரண்டு சிம்ரன்கள் இருக்கிறார்கள். ஒருத்தி நர்ஸ், ஒருத்தி போலீஸ். நான் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனி பெரிய காஞ்சிபுரத்தில், கச்சபேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு பட்டுக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. கீழே கல்யாணப் புடவை எடுக்க வந்த கூட்டம் அரக்கா மாம்பழக் கலரா என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும். மேலே நாங்கள் சந்திரனைச் சுற்றிவரும் ஒரு விண்கலம் அனுப்பிய ஃபைல்களைத் திறந்துகொண்டிருப்போம். எந்த விண்கலம், யாருடையது என்றெல்லாம் கேட்காதீர்கள். வெளியில் சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

முதலாளி குமரகுரு சார். பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பம். முன்பு இதே மாடியில் புடவை டிசைன் போடும் கடை வைத்திருந்தார். பார்டரில் வரும் மயில், உடம்பில் வரும் புட்டா, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து தறிக்காரர்களுக்குக் கொடுப்பார். கட்டம் பார்க்கத் தெரிந்த அந்தக் கண்ணை வைத்துத்தான் படம் சம்பந்தமான சாஃப்ட்வேர் வேலைக்கு வந்தார், நன்றாகவே வந்தார். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகப்போக நான் அவரைத் திட்டப்போகிறேன்.

என் வேலை என்னவென்றால், விண்கலத்தின் ஃபைல்களைத் திறந்து, உள்ளே இருக்கும் எண்களைப் படித்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடப் பார்த்துப் புரிந்துகொள்கிற மாதிரி படமாக்கித் தரும் புரோகிராமை எழுதுவது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒப்பந்தத்தில் முதல் வரியே அதுதான். வந்த ஃபைலில் ஒரு புள்ளிகூட மாறக்கூடாது. கண்ணால் பார்க்கலாம், கை வைக்கக் கூடாது.

புரோகிராமில் ஒரு ஃபைலைத் திறக்கும்போது, எதற்காகத் திறக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 'ஆர்' என்று ஓர் எழுத்தைப் போட்டால் படிக்க மட்டும். அதன் பக்கத்தில் ஒரு பிளஸ் குறி போட்டுவிட்டால், படிக்கவும் செய்யலாம், எழுதவும் செய்யலாம். ஒரே ஒரு பிளஸ். அது தவறி விழுந்துவிட்டால், கோடிக்கணக்கில் செலவழித்து அவ்வளவு தூரத்திலிருந்து வரவழைத்த எண்ணின் மேல் நாம் கிறுக்கிவிடலாம். அதனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? மொத்த புரோகிராமிலும் விண்கலத்து ஃபைலைத் திறக்க ஒரே ஓர் இடம்தான் வைத்தேன். யார் எங்கிருந்து கேட்டாலும் அந்த ஒரு வாசல் வழியாகத்தான் போகவேண்டும். அந்த வாசலில் பிளஸ் கிடையாது. இதை நான் ஒரு மாதம் உட்கார்ந்து எழுதினேன். என் வேலையில் எனக்குப் பிடித்த பகுதி எது என்று கேட்டால் அந்த வாசலைத்தான் சொல்வேன்.

ஒரு திங்கட்கிழமை விண்கலத்து ஃபைல்களின் முதல் தொகுதி வந்தது. வளர்பிறை, நல்ல நாள், அன்றைக்கே தொடங்கிவிடலாம் என்று சார் சொல்லியிருந்தார். நான் தென்னேரியிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள், அவர் விளக்கேற்றி ஊதுவத்தி வைத்து, எல்லா கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து முடித்திருந்தார். எனக்கும் ஒரு வாழைப்பழம் கொடுத்தார். புரோகிராமை ஓட்டினேன். திரையில் சந்திரனின் ஒரு பள்ளம் மெல்ல மெல்ல வந்தது. ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் மை இருட்டு. காயத்ரியக்கா கை தட்டினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

காயத்ரியக்கா என்னைவிட நான்கு வயசு மூத்தவள். அவளும் பிள்ளையார்பாளையம்தான். ஃபைல்களை இறக்கி வைப்பதும், வேலை முடிந்த பிறகு மொத்தத் தொகுதியையும் விண்கலத்துக்காரர்களின் ஆபீசுக்குத் திருப்பி அனுப்புவதும் அவள் பொறுப்பு. அவர்கள் தாங்கள் அனுப்பியதும் நாங்கள் திருப்பியதும் ஒன்றுதானா என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு ஃபைலுக்கும் கைரேகை மாதிரி ஓர் எண் உண்டு. ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும்.

அன்று சாயங்காலமே அவள் தொகுதியைத் திருப்பி அனுப்பிவிட்டாள். மறுநாள் காலை அவர்களிடமிருந்து மெயில் வந்தது. தொகுதியின் முதல் ஃபைல் மாற்றப்பட்டிருக்கிறது. ஐந்து பைட் கூடுதலாக இருக்கிறது. உங்கள் புரோகிராம் ஃபைலை எழுதும் முறையில் திறந்திருக்கிறது என்று சந்தேகிக்கிறோம். விளக்கம் தேவை.

பைட் என்றால் ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஃபைலுக்குள் எல்லாமே எண்தான், ஒவ்வோர் எண்ணுக்கும் பைட் என்று பெயர். ஆயிரக்கணக்கான எண்களுக்கு நடுவில் ஐந்து எண் கூடியிருக்கிறது. அது படங்களின் விவரம் இருக்கும் ஃபைல், வரிவரியாக எழுத்தாக இருப்பது. என் புரோகிராம் அதில் தனக்கு வேண்டிய வரிகளை மட்டும் தேடி எடுத்துக்கொள்ளும். அதனால் கூடுதலாக எது இருந்தாலும் அது கண்டுகொள்ளாது.

குமரகுரு சார் அறையைவிட்டு வெளியே வந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"காயத்ரி, அந்த முதல் ஃபைலை நீ எதாச்சும் தொட்டியா?"

"இல்ல சார்."

"சிம்ரன்மா, நீ?"

"இல்ல சார்."

"நல்லா யோசிச்சு சொல்லுமா. நீ தொட்டியா?"

"நான் தொடல சார். என் புரோகிராமும் தொடல."

அவர் அறைக்குள் போனார். காயத்ரியக்காவைக் கூப்பிட்டு ஏதோ சொல்லி அனுப்பினார். திரும்ப வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார்.

"தெரியாம கை பட்டுப்போயிருக்கும். நான் திட்ட மாட்டேன். சொல்லு, தொட்டியா?"

காயத்ரியக்காவிடம் ஒரு தடவை கேட்டார். என்னிடம் மூன்று தடவை கேட்டார். எனக்கு எண்ணத் தெரியும்.

"இன்னா சார், அதையே கேட்டுக்கினு இருக்கீங்க?" என்று எழுந்துவிட்டேன். "வாங்க, என் புரோகிராமை முழுசா காட்டுறேன். ஒரு பிளஸ் இருந்தா நான் இப்பவே வீட்டுக்குப் போயிடுறேன்."

அவர் பார்க்கவில்லை. கையை அமர்த்திக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் தனியாகவே உட்கார்ந்து தேடினேன். மேலிருந்து கீழ்வரை எந்த 'ஆர்' பக்கத்திலும் ஒரு பிளஸ் இல்லை. இருக்காது என்று தெரிந்துதான் தேடினேன்.

சரி, மாறிப்போன அந்த ஃபைலையே திறந்து பார்த்தால் தெரிந்துவிடப்போகிறது என்று போனால், அந்த ஃபைலே அங்கே இல்லை. புத்தம் புதுத் தொகுதி உட்கார்ந்திருக்கிறது.

"அக்கா, பழைய தொகுதி எங்க?"

"அழிச்சுட்டேன்டீ. சார்தான் சொன்னாரு, தப்பான ஃபைல் ஆபீசுல இருக்கக்கூடாது, புதுசா இறக்கி வச்சிடுன்னு. ஏன், வேணுமா?"

வேணுமாவாம்! தலையில் அடித்துக்கொண்டேன், நிஜமாகவே, சத்தம் கேட்கும்படி.

மத்தியானம் கோயில் பக்கத்து டீக்கடைக்குப் போனோம். காயத்ரியக்கா பஜ்ஜியைப் பிய்த்தபடி என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"சார் அவங்களுக்கு பதில் மெயில் அனுப்பிட்டாருடீ. நீ அப்புறமா பார்த்து கத்தக்கூடாதுன்னுதான் சொல்றேன்."

"இன்னான்னு அனுப்பினாரு?"

போனைத் திறந்து நீட்டினாள். எங்கள் நிரலாளர் செல்வி சிம்ரன் தவறுதலாக ஃபைலை எழுதும் முறையில் திறந்துவிட்டார். அவரை இந்தப் பணியிலிருந்து விலக்குகிறோம். இனி இவ்வாறு நேராது.

பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். வேலையை விட்டு எடுத்தால்கூட வேறு வேலை தேடிக்கொள்ளலாம். இது அப்படியில்லை. அந்த ஆபீசில் ஒரு பதிவு இருக்கிறது, யார் யார் தங்கள் ஃபைல்களில் வேலை செய்யலாம் என்று. மூலத்தை மாற்றியவள் என்று அதில் என் பெயருக்கு நேராக ஒரு வரி ஏறிவிட்டால், இனி எந்த விண்கலத்தின் ஃபைலும் என் கைக்கு வராது. எனக்குத் தெரிந்த வேலை இது. எனக்குப் பிடித்த வேலையும் இதுதான்.

"விட்டுடுடீ," என்றாள் காயத்ரியக்கா. "சார் நல்லவரு. உன்ன வேற வேலையில போட்டுடுவாரு. கம்பெனி பேரும் தப்பிச்சுக்கும்."

"நல்லவருதான். கெட்டவரா இருந்தா எனக்கு இவ்ளோ கோவம் வராதுக்கா."

"சாயங்காலம் அவங்க சீனிவாசன் சார் வீடியோ கால்ல வராரு. நம்ம சார் என்னையப் பேச சொல்லியிருக்காரு. நீ வேணாமாம்."

"நான் வருவேன்."

"எப்டிடீ?"

"நாற்காலியில உக்காந்துதான்."

சாயங்காலம் அப்படியே செய்தேன். பெரிய திரைக்கு முன்னால் நட்ட நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். குமரகுரு சார் வந்து பார்த்தார். "நீ எதுக்குமா..." என்று ஆரம்பித்தார். அதற்குள் திரையில் சீனிவாசன் சார் வந்துவிட்டார். எங்கள் சார் என் பக்கத்தில் உட்காரவேண்டியதாயிற்று.

சீனிவாசன் சார் அந்த ஆபீசில் ஃபைல்களுக்குப் பொறுப்பானவர். தலை முழுக்க நரை. வணக்கத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார்.

"உங்க மெயில் பார்த்தோம், குமரகுரு சார். அஞ்சு பைட்தானேன்னு நினைக்காதீங்க. இந்த ஃபைலை அம்பது வருஷம் கழிச்சு ஒருத்தர் திறந்து பார்ப்பாங்க. விண்கலம் என்ன சொல்லுச்சோ அது மட்டும்தான் அதுல இருக்கணும். நம்ம யாரும் அதுல ஒரு புள்ளிகூட சேர்க்கக் கூடாது. சேர்த்தவங்களை நாங்க திரும்பச் சேர்க்கிறது இல்ல. அது எங்க வழக்கம்."

அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்குச் சம்மதம். அதுதான் கொடுமை. நான் அவர் கட்சி. என்னைத்தான் அவர் வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்.

"சார், வணக்கம்," என்றேன். "அந்த மெயில்ல இருக்கிற சிம்ரன் நான்தான். நான் எழுதுற முறையில திறக்கல. ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"மாறின ஃபைல் எங்ககிட்ட இல்ல. அழிச்சுட்டாங்க. உங்ககிட்டதான் இருக்குது. அதை இப்ப திறந்து, அந்த அஞ்சு பைட்டையும் காட்டுங்க சார்." ஒரு வினாடி விட்டு, "படிக்க மட்டும் திறங்க," என்றும் சேர்த்தேன். என் வாய் சும்மா இருக்காது.

"அதெல்லாம் எதுக்குமா," என்றார் குமரகுரு சார். "சாருக்கு எவ்ளோ வேலை இருக்கும்..."

"இல்ல, கேக்கிறது நியாயம்தான்," என்றார் சீனிவாசன் சார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எங்கள் திரையில் எண்கள் வரிசை வரிசையாக வந்தன. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எண்களை நாங்கள் ஆங்கில எழுத்தும் இலக்கமும் கலந்துதான் எழுதுவோம். அவர் ஒவ்வொன்றாக வாசித்தார்.

"கூடுதலா இருக்கிறது எல்லாம் ஆரம்பத்துலயே இருக்கு. ஈ-சைபர். ஏ-ஈ. எட்டு-ஒன்பது. அப்புறம் ரெண்டு பைட், அது வரி முடிச்சு எண்டர் தட்டினது. அதுக்கு அப்புறம் எங்க ஃபைல் அப்படியே இருக்கு."

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"சார், ஈ-சைபர், ஏ-ஈன்னு ஆரம்பிச்சா அது தமிழ் எழுத்து," என்றேன். "தமிழ்ல ஒரு எழுத்துக்கு மூணு பைட். என் புரோகிராம்ல ஒரு தமிழ் எழுத்து கிடையாது, நீங்களே தேடிப் பாருங்க. புரோகிராம் தப்பு பண்ணா சைபரா எழுதி நிரப்பும், இல்ல பாதியில வெட்டிப்போடும். தமிழ்ல எழுதி எண்டர் தட்டாது. இது ஒரு ஆளு கீபோர்டுல அடிச்சது."

சீனிவாசன் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன எழுத்து அது?"

"எட்டு-அஞ்சுன்னா அ," என்று விரலை மடக்கினேன். "எட்டு-ஆறு ஆ. எட்டு-ஏழு இ. எட்டு-எட்டு ஈ. எட்டு-ஒன்பது..."

"உ," என்றாள் காயத்ரியக்கா. சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒரு ஃபைலின் தலையில், தனி வரியில், தனியாக ஓர் உ. இந்த ஊரில் அது என்னவென்று யாரும் கேட்கத் தேவையில்லை. நான் குமரகுரு சாரைப் பார்த்தேன். காயத்ரியக்காவும் பார்த்தாள்.

"அது சுழிமா," என்றார் அவர். "பிள்ளையார் சுழி."

"நீங்களா சார் போட்டது?"

"நான்தான் போட்டேன். முதல் ஃபைல் ஆச்சே. காலையில விளக்கேத்திட்டு, திறந்து, சுழி போட்டு மூடினேன். சுழி போடாம எப்டிமா ஒரு காரியத்தை ஆரம்பிக்கிறது?"

"தொட்டியா தொட்டியான்னு என்னையக் கேட்டீங்களே சார்!"

"நான் தொடலியேமா." அவர் குரலில் பொய் இல்லை. அதை நான் கடவுள் சத்தியமாகச் சொல்வேன். "நான் அதுல ஒண்ணுமே எழுதலியே. சுழிதானே போட்டேன்."

அவர் கணக்கில் அது எழுத்து இல்லை. டிசைன் கடையில் இருபது வருடம் அப்படித்தான். ஒவ்வொரு டிசைனுக்கும் மேல் மூலையில் ஒரு சுழி போட்டுவிட்டுத்தான் முதல் கட்டத்தில் நிறம் வைப்பார். அந்த மூலையை நெய்யக்கூடாது என்று தறிக்காரர்களுக்குத் தெரியும். விட்டுவிட்டு அடுத்த வரியிலிருந்து தொடங்குவார்கள். அந்தச் சுழியால் ஒரு புடவையும் கெட்டதில்லை. அப்படிப்பட்ட ஒன்றை மாற்றம் என்று ஒருவர் சொல்வார், அதற்குக் கைரேகை எடுத்துப் பார்ப்பார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஆபீசில் எல்லோரையும் சந்தேகப்பட்டவர், தன்னைச் சந்தேகப்பட ஒரு காரணமும் காணவில்லை.

திடீரென்று சிரிப்புச் சத்தம் கேட்டது. சீனிவாசன் சார்தான்.

"அடப் பிள்ளையாரே! விண்கலத்துக்கே சுழி போட்டுட்டீங்களா!" அவருக்குப் பின்னால் யாரோ இரண்டு பேர் சிரித்தார்கள். காயத்ரியக்காவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். குமரகுரு சார் வெட்கத்தோடு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மூச்சு திரும்பி வந்தவர் மாதிரி இருந்தார். "சரி சரி," என்றார் சீனிவாசன் சார். "நல்ல காரியத்துக்குத்தானே போட்டீங்க. விட்டுடலாம். நல்ல ஃபைல் வந்தாச்சு. ஏதோ டெக்னிக்கல் எரர்னு எழுதி, இருக்கிற மெயிலோட மூடிடுவோம்."

"சிரிக்காதீங்க சார்," என்றேன்.

சத்தமாகத்தான் சொல்லியிருக்கவேண்டும். எல்லோரும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

"இப்பதான சார் சொன்னீங்க, ஒரு புள்ளிகூட சேர்க்கக் கூடாது, சேர்த்தவங்களை திரும்பச் சேர்க்கிறது இல்லன்னு? அதே அஞ்சு பைட்டுதானே இது? நான் பண்ணதா இருந்தப்ப குத்தம். அவர் பண்ணாருன்னதும் சிரிப்பா? இருக்கிற மெயிலோட மூடிடலாம்னா, அந்த மெயில்ல என் பேர் இருக்குது சார். நான்தான் பண்ணேன்னு இருக்குது. அதோட எப்டி மூடுவீங்க?"

குமரகுரு சார் என் கையைத் தொடப்போகிற மாதிரி நீட்டி, பாதியில் எடுத்துக்கொண்டார். நான் அவர் பக்கம் திரும்பினேன். இனி வந்தது வரட்டும்.

"எங்க தாத்தா இந்த ஊர் கோபுரத்தை ரோட்டுல நின்னுதான் சார் பார்த்தாரு. உள்ள விடல. அவர் காலம் முழுக்க தள்ளி நின்னே பார்த்தாரு. தொடாம பார்க்கிறது எப்டின்னு எங்க வீட்டுக்கு யாரும் சொல்லித்தர வேணாம். ஒரு மாசம் உக்காந்து ஒரு வாசல் கட்டியிருக்கேன், என் கைகூட ஃபைல் மேல படாத மாதிரி. அதை நீங்க வந்து பார்க்கக்கூட இல்ல. தப்புன்னு ஒண்ணு வந்ததும் உங்க கண்ணு நேரா என் மேலதான் வந்துச்சு. ஏன் சார்?"

கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. வழியட்டும் என்று விட்டுவிட்டேன். கீழே கடையில் யாரோ பேரம் பேசுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

"ஏன்னு..." என்றார் குமரகுரு சார். நிறுத்தினார். யோசித்தார். அவர் நிஜமாகவே யோசிப்பது எனக்குத் தெரிந்தது. "எனக்கே தெரியலமா. ஆனா நீ சொல்றது நெஜம். உன் மேலதான் போச்சு."

சீனிவாசன் சார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சிம்ரன், நான் சிரிச்சிருக்கக் கூடாது. நீங்க சொல்றதுதான் சரி. குமரகுரு சார், எனக்குப் புது மெயில் வேணும். இப்பவே வேணும். நான் இங்கேயே இருக்கேன்."

குமரகுரு சார் யாரையும் எழுதச் சொல்லவில்லை. தானே கீபோர்டை இழுத்துக்கொண்டார். அவர் இரண்டு விரலால்தான் தட்டுவார், மெதுவாகத்தான் வரும். வார்த்தை வார்த்தையாகத் திரையில் வருவதை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் ஃபைலை மாற்றியது நான், குமரகுரு. எங்கள் நிரலாளர் சிம்ரனின் புரோகிராம் எந்த ஃபைலையும் மாற்றவில்லை. விசாரிக்காமல் அவர் மேல் பழி போட்டு நான் அனுப்பிய மெயில் தவறு. அதை நீக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அவர் இந்தப் பணியில் தொடர்வார்.

கடைசி வாக்கியத்தைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "தொடர்வே இல்ல?"

"அனுப்புங்க சார்."

அனுப்பினார். வந்துவிட்டது, பதிவைத் திருத்திவிடுகிறேன் என்றார் சீனிவாசன் சார்.

"மன்னிச்சுடுமா," என்றார் குமரகுரு சார்.

பரவாயில்லை சார் என்று வாய்வரைக்கும் வந்தது. பழக்க தோஷம். விழுங்கிவிட்டேன். பரவாயில்லை இல்லையே, எப்படிச் சொல்வது? தலையை மட்டும் ஆட்டினேன். அவர் அதை ஏற்றுக்கொண்டார்.

"இன்னொரு விஷயம்," என்றார் சீனிவாசன் சார். "அடுத்த தொகுதி நாளைக்கு வருது. திரும்பவும் இப்படி ஆகாதுன்னு எனக்கு யார் சொல்றது?"

"நான் சொல்றேன் சார்," என்றேன். அழுத முகத்தோடு வேலை பேசுவது எனக்கு ஒன்றும் புதுசு இல்லை. "என் புரோகிராம் தொடாது. ஆனா என் வாசல் புரோகிராமுக்குத்தான், ஆளுங்களுக்கு இல்ல. நேரா ஃபோல்டருக்குப் போய் திறந்தா யார் வேணா எழுதலாம். அதான் நடந்துச்சு. மூலத் தொகுதி இருக்கிற ஃபோல்டருக்கே பூட்டுப் போட்டுடுறேன். வந்து விழுந்ததும் தானா பூட்டிக்கும். எல்லாருக்கும் படிக்க மட்டும். பூட்டைத் திறக்கிற சாவி உங்ககிட்ட இருக்கட்டும், எங்க ஆபீசுல வேணாம்."

"எல்லாருக்குமா?" என்றார் குமரகுரு சார்.

"எல்லாருக்கும் சார்."

"அப்ப சுழி?"

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. எனக்கும் கேலி செய்யத் தோன்றவில்லை.

"தனியா ஒரு ஃபைல் வச்சுக்குங்க சார். நம்ம ஃபோல்டர்ல. ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு சுழி போடுங்க, பக்கம் பக்கமா போடுங்க. அது நம்ம ஃபைல். இது நம்மளது இல்ல."

அவர் தாடையைத் தடவினார். பிறகு கம்ப்யூட்டரின் முழு அதிகாரமும் இருக்கிற தன் கடவுச்சொல்லை, அதுவரை யாருக்கும் சொல்லாததை, அவரே குனிந்து தட்டி, நாற்காலியை எனக்கு விட்டு நகர்ந்து நின்றார். நான் உட்கார்ந்து, எல்லாம் முடிந்ததும் பூட்டின் சாவி சீனிவாசன் சாருக்குப் போய்விடும்படி வைத்துவிட்டு, ஒவ்வொரு பெயராக எடுத்தேன். முதலில் அவர் பெயர். எழுதும் உரிமையை எடுத்தேன். காயத்ரியக்காவின் பெயர். எடுத்தேன்.

"சார், ஒரு தடவை எழுதிப் பாருங்க," என்றேன்.

அவர் குனிந்து, புதுத் தொகுதியின் முதல் ஃபைலைத் திறந்து, ஓர் எழுத்தைத் தட்டி, சேமிக்கப் பார்த்தார். இந்த ஃபைலைப் படிக்க மட்டுமே உங்களுக்கு அனுமதி உண்டு என்று கட்டம் கட்டி வந்தது. அதை அவர் இரண்டு தடவை வாசித்தார்.

"என் கம்பெனியில எனக்கே இப்டி சொல்லுது பாரேன்."

"கம்பெனி உங்களுது சார். ஃபைல் விண்கலத்தோடது."

சீனிவாசன் சார் திரையிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. குமரகுரு சார் அந்தக் கட்டத்தை மூடினார். பட்டியலில் இன்னும் ஒரே ஒரு பெயர் மிச்சம் இருந்தது. அதன் மேல் அவர் விரல் போய் நின்றது.

"உனக்கு?" என்றார். "நீதானே எழுதினது இதெல்லாம். உனக்கு விட்டு வச்சுக்கோமா. நான் ஒண்ணும் சொல்லல."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். அதற்காகவே அவர் நன்றாகப் பார்க்கும்படி நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டேன்.

"எனக்கும் அதேதான் சார்," என்று சொல்லி, என் பெயருக்கு நேராக இருந்த உரிமையையும் எடுத்தேன்.